நாய்க்குட்டியோட ஷோ ரிங்குல இறங்கினப்போ: மறக்க முடியாத ஒண்ணைச் சொல்லுங்க

அல்சூர் டோபி:
பெங்களூரு பேலஸ் கிரவுண்ட்ஸ் நாய் ஷோ, மைனர் பப்பி கிளாஸ், அதாவது நாலுலேர்ந்து ஆறு மாசக் குட்டிங்க பிரிவு. எங்க டோபர்மேன் பொட்டைக்குட்டிக்கு பால் பல் விழுந்துட்டிருந்த நேரம். மேல் கோரைப்பல் ஒண்ணு ஆடிக்கிட்டே இருந்துச்சு. ஸ்டாக் பண்ணி, அதாவது ஜட்ஜ் பார்க்க காலை சரியா வச்சு அசையாம நிக்கறது, முக்கோணமா ஓடிக் காட்டறது எல்லாம் மொட்டை மாடியிலயே பழகிட்டா. வாயைத் தொறந்து காட்டறதும் தினம் நடக்கும். ஆனா வீட்டுல எல்லாம் தெரிஞ்ச கை.

ஜட்ஜ் ஒரு வெளிநாட்டு அம்மா. தலை, தோள், முதுகு தடவற வரைக்கும் ஒண்ணுமில்ல. உதட்டைத் தூக்கினாங்க பாருங்க, வீல்னு ஒரு கத்தல். பக்கத்து ரிங் கூட திரும்பிப் பார்த்துச்சு. குட்டி என் ரெண்டு காலுக்கும் நடுவுல புகுந்துடுச்சு. இழுத்து நிறுத்தலாம்னு லீஷைப் பிடிச்சேன், அவங்க வேண்டாம்னு கையைக் காட்டிட்டு அந்தப் புழுதியில மண்டி போட்டு உக்காந்துட்டாங்க. குட்டி முகத்தைப் பார்க்கவே இல்ல. எங்கயோ வேடிக்கை பார்க்கற மாதிரி முகத்தைத் திருப்பிக்கிட்டு கையை மட்டும் நீட்டி வச்சிருந்தாங்க. ரிங்குல ஜட்ஜுக்கு உதவற ஸ்டீவர்ட் வாட்ச்சைப் பார்க்கறார், எனக்கு வேர்க்குது. கொஞ்ச நேரம் கழிச்சு இவளே வெளிய வந்து அந்தக் கையை மோந்து பார்த்து நக்கினா. "நீங்களே காட்டுங்க"ன்னாங்க. நான் உதட்டைத் தூக்கினேன், ஒரு பார்வை, அவ்வளவுதான். எழுந்தப்போ அவங்க சட்டைக் கையில ஒரு ரத்தப் பொட்டு.

கிளாஸ்ல மூணாவது வந்தோம். கோரைப்பல் சாயந்திரம் காரோட பின்சீட்டுல கிடந்துச்சு. அதுக்கப்புறம் எத்தனையோ ஜட்ஜ் பார்த்தாச்சு, அந்த மாதிரி தரையில உக்காந்தவங்களைப் பார்க்கல.

பீகிள் அப்பா, ஃபிரேசர் டவுன்:
டோபி அண்ணா, பல் விழற குட்டியை எதுக்கு ரிங்குக்குக் கொண்டு வரணும்? மைனர் பப்பியில ஜெயிச்சா ஒரு கோப்பை, ஒரு போட்டோ. சாம்பியன் பட்டத்துக்கு வேண்டிய சேலஞ்ச் சர்டிஃபிகேட்டுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. வாய் ஆறினப்புறம் வந்தா என்ன?

எனக்கு உறுத்தறது வேற. எங்களுக்கு முன்னாடி ஓடினவர் பழம் தின்னு கொட்டை போட்டவர். கையில வெந்த ஈரல். நேரா போயிட்டு வாங்கன்னு ஜட்ஜ் அனுப்பினதும், திரும்பற இடத்துல ரெண்டு மூணு துண்டு 'தவறி' விழுந்துச்சு. பொறுக்கவே இல்ல. அடுத்தது நாங்க. பீகிள் மூக்கைப் பத்தி நான் சொல்லணுமா? தலையை நிமித்திக்கிட்டு கம்பீரமா போனவன், அந்த இடம் வந்ததும் மூக்கு பாயோட ஒட்டிக்கிச்சு. வால் மட்டும் மேல சுத்துது. ரிங்சைடுல ஒரே சிரிப்பு. ஜட்ஜும் சிரிச்சுட்டார். முதல் பரிசு அந்த மனுஷனுக்குத்தான். முடிஞ்சதும் வந்து கை குடுத்து, "நல்ல குட்டி சார், டிரெயினிங்தான் கொஞ்சம் பத்தல"ன்னார். அந்தக் கையில இன்னும் ஈரல் வாசனை.

லிங்கராஜபுரம் அக்கா:
நீங்க ரெண்டு பேரும் ஜட்ஜு, எதிராளின்னு பேசறீங்க. எங்க கதையில வில்லி எங்க மாமியார்.

ஜெர்மன் ஷெப்பர்ட், பப்பி கிளாஸ். ரிங்குல நாயைப் பிடிச்சு ஓட்டிக் காட்ட காசு குடுத்து ஹேண்ட்லர் வச்சிருந்தோம். அந்தத் தம்பி, நாய் உங்களைத் தேடும், கண்ணுல படாதீங்கக்கான்னு என்னை ஷாமியானாவுக்குப் பின்னாடி அனுப்பிட்டான். அத்தையை யார் மறைக்கறது? ஜட்ஜ் குனிஞ்சு பின்னங்காலைப் பார்க்கற நேரம், "டேய் கறுப்பா, காலையிலேர்ந்து ஒண்ணும் திங்கலியேடா!"ன்னு ஒரு குரல். ஷோ லீஷ் தம்பி கையில, நாய் அத்தை மடியில. அத்தை இன்னிக்கும் அதை வெற்றியாத்தான் சொல்லிட்டிருக்காங்க.

சரி, புதுசா வர்றவங்க படிப்பாங்க, அதனால கொஞ்சம் சொல்றேன். பீகிள் தம்பி கேட்டது நியாயமான கேள்வி, ஆனா பதில் அவர் நினைக்கறது இல்ல. குட்டி எதுக்குப் பயப்படணும்னு கத்துக்கற முக்கியமான காலம் மூணு வாரத்துலேருந்து பதினாலு வாரம் வரைக்கும்தான், ஆனா பல் மாறற நாலு மாசம் ஆறு மாசத்துலயும் அந்தப் பழக்கத்தை விடக்கூடாது. அப்ப வீட்டுலயே வச்சிருந்தா ஒரு வயசுல ஜூனியர் கிளாஸ்ல மிரளும். கொண்டு வாங்க, ஆனா ஈறு வீங்கியிருந்தா ஜட்ஜ் கிட்ட முதல்லயே சொல்லிடுங்க, பெரும்பாலும் நம்மையே காட்டச் சொல்லுவாங்க. பல் பார்க்கப் பழக்கறப்போ வாயைப் பொளக்காதீங்க. முன்பல் சேர்ற இடத்தைக் காட்டினா கத்தரிக்கோல் கடி, அதாவது மேல் முன்பல் கீழ்ப் பல்லுக்கு முன்னாடி ஒட்டி உக்காருதான்னு தெரிஞ்சிடும், அப்புறம் ரெண்டு பக்கம். டோபர்மேன் மாதிரி ஜாதிக்கு 42 பல்லையும் எண்ற ஜட்ஜ் உண்டு, அதுக்குக் குட்டி பொறுமையா இருக்கணும். தெரியாத கைக்குப் பழக்கணும்னா பால்காரர், இஸ்திரிக்காரர், வாட்ச்மேன், யாரையும் விடாதீங்க.

தடுப்பூசி. கடைசி டோஸை 16 வார வயசுக்கு முன்னாடி முடிச்சிட்டா போதும்னு நினைக்காதீங்க, தாய்ப்பால்ல வந்த எதிர்ப்பு சக்தி அதை வேலை செய்ய விடாம தடுக்கும். குட்டிங்களுக்கு ரத்தபேதி வர வைக்கற பார்வோ கிருமி மண்ணுல மாசக்கணக்குல கிடக்கும். ஷோ கிரவுண்ட்ல குட்டியைத் தூக்கிட்டுப் போங்க, ரிங்குல மட்டும் இறக்குங்க.

ஷெப்பர்ட் வச்சிருக்கவங்க, பல் மாறறப்போ நின்ன காது மடங்கினா அலறாதீங்க, திரும்ப நிக்கும். அதுக்காக கால்சியம் மாத்திரை போடவே போடாதீங்க. நல்ல பப்பி ஃபுட்ல இருக்கறதே போதும், பெரிய ஜாதிக் குட்டிக்கு அதிகமானா எலும்பு வளர்ச்சியே கெட்டுடும். அப்புறம் ஈரல். ரஸ்ஸல் மார்க்கெட்ல வாங்கி, வேக வச்சு, ஓவன்ல உலர்த்தி, பாக்கெட்ல ஒரு கை நிறைய வச்சுக்கங்க. தாராளமா குடுங்க.

ஜீவன் பீமா நகர், ஊர் சிவகாசி பக்கம்:
அக்கா, உங்க இஸ்திரிக்காரர் யோசனை ஷெப்பர்டுக்கு சரி. எங்க ஊர் வேட்டை நாய்க்கு ஆகாது. ராஜபாளையமோ, கேசிஐ (கென்னல் கிளப் ஆஃப் இந்தியா) காரவான் ஹவுண்டுன்னு பதிவு பண்ற நம்ம கர்நாடகா முதோளோ, வெளி ஆள் தொட்டா விலகத்தான் செய்யும். அதைக் கூச்சம்னு எழுதற ஜட்ஜ் இருக்காங்க. 2005ல ராஜபாளையத்துக்கும் முதோளுக்கும் தபால் தலையே வந்திருக்கு, ஆனா இங்க ரிங்சைடுல 'லேப்ரடார் மிக்ஸா சார்?'னு கேக்கறாங்க. அந்த ரோஸ் மூக்கைப் பார்த்துட்டு வெயில்ல வெந்துடுச்சான்னு ஒருத்தர். நல்லா இருங்க.

என் விஷயத்துக்கு வர்றேன். வெள்ளைக் கடுவன் குட்டி, ஊர்லேருந்து எடுத்துட்டு வந்தது. அவன் ஸ்டாக் பண்ணி நின்னா அசைய மாட்டான். நானே பெருமையா சொல்லிட்டுத் திரிஞ்சேன். ஷோவுல நாங்க வரிசையில நிக்கறப்போ ஸ்பீக்கர் கீச்சுனு ஊளையிட்டுச்சு. மத்த குட்டிங்க எல்லாம் துள்ளிக் குதிச்சு ரெண்டு லீஷ் சிக்கிக்கிச்சு. எங்க பையன் ஆடல, அசையல. பின்னாடி யாரோ "என்ன டெம்பரமென்டுப்பா!"ன்னு கை தட்டினாங்க.

ஜட்ஜ் கை தட்டல. மெதுவா நடந்து அவனுக்குப் பின்பக்கம் வந்தார். கார் சாவிக் கொத்தை எடுத்து ஒரு குலுக்கு. பக்கத்து குட்டி திரும்புது, இவன் என் கையில இருந்த தீனித் துண்டையே பார்த்துட்டிருக்கான். இன்னொரு குலுக்கு. அவர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். எங்களை எடுக்கல, காரணமும் சொல்லல. ஜட்ஜிங் எல்லாம் முடிஞ்சப்புறம் ஸ்டீவர்ட் மூலமா கூப்பிட்டு, டாக்டர்கிட்ட காதைக் காட்டுங்கன்னார்.

டாக்டர், குட்டி கண்ணுல படாம பின்னாடி நின்னு சத்தம் குடுத்துப் பார்த்தாங்க. ரெண்டு காதும் கேக்கல.

பீகிள் அப்பா, ஃபிரேசர் டவுன்:
ஐயோ அண்ணா. வெள்ளையா இருந்தாலே அப்படித்தானா? குட்டி இப்ப எங்க இருக்கு?

ஜீவன் பீமா நகர், ஊர் சிவகாசி பக்கம்:
வெள்ளைன்னா எல்லாம் அப்படியில்ல தம்பி. ஆனா வெள்ளை நாய்ல இது வர்றது உண்டு, டால்மேஷியன்லயும் இதே பிரச்சினைதான். உள்காதுல நிறமி செல் இல்லாம போனா அந்தக் காது வேலை செய்யாது. அதனால எடுக்கறப்போ குட்டியைத் தனியா பிரிச்சு, பின்னாடி நின்னு பாத்திரத்தைத் தட்டிப் பாருங்க. கூட்டமா இருந்தா மத்ததைப் பார்த்து இதுவும் திரும்பிடும், தெரியாது. ஒரு காது மட்டும் போயிருந்தா அப்பவும் ஏமாத்தும். நான் ஊர்ல போய்க் கேட்டப்போ, வித்தவர் அதே ஜோடியை மறுபடி சேர்த்து அடுத்த ஈத்தும் வித்துட்டிருக்கார். அதுதான் தாங்கல.

பையன் வீட்டுலதான் இருக்கான். குடும்பக் கட்டுப்பாடு பண்ணியாச்சு. கைச் சைகைக்கு நல்லா வர்றான், லீஷ் இல்லாம மட்டும் வெளிய விடறதில்ல.

அல்சூர் டோபி:
அண்ணா, அந்த ஜட்ஜ் ரிங்குலயே சொல்லாம விட்டது நல்ல மனசு.

ஜீவன் பீமா நகர், ஊர் சிவகாசி பக்கம்:
அதுல எனக்கு உடன்பாடு இல்ல. கை தட்டின ஆளுங்க அத்தனை பேரும் அங்கயே இருந்தாங்க. அவங்க காதுல விழற மாதிரி சொல்லியிருக்கணும், அதுல ரெண்டு பேர் என்கிட்ட அவனை ஸ்டட்டுக்கு, அதாவது பொட்டையோட இனம் சேர்க்கக் கேட்டாங்க.

லிங்கராஜபுரம் அக்காவுக்கு ஒண்ணு: ஈரலைத் தாராளமா குடுக்கச் சொல்லாதீங்க. ஷோ அன்னிக்குக் காலையில பேதியாகி, ஜட்ஜ் முன்னாடியே உக்காந்த குட்டியை எனக்குத் தெரியும்.

லிங்கராஜபுரம் அக்கா:
ஒரு கை நிறைய பாக்கெட்லன்னுதானே சொன்னேன், வாயிலன்னா சொன்னேன்?

பீகிள் அப்பா, ஃபிரேசர் டவுன்:
அக்கா, பாக்கெட்ல நிறைய வச்சா கீழ விழும். என் கிளாஸ்ல மட்டும் வராதீங்க.