நாள் தள்ளி இன்று 43-ஆவது நாள், கர்ப்ப கிட்டில் கோடு மட்டும் தெளிவாக விழவில்லை

தோழிகளே, குழம்பிப் போய் இருக்கிறேன். வயது 29, ஊர் நத்தம். பிசிஓடி (சினைப்பை நீர்க்கட்டி) இருப்பதால் பீரியட்ஸ் 34 நாளிலும் வரும், 40 நாளிலும் வரும். கடைசியாக வந்தது ஜூன் 2. இன்று 43-ஆவது நாள்.

ஜூலை 8 சாயங்காலம் முதல் கர்ப்பப் பரிசோதனை கிட் போட்டேன். ஒரே கோடு. அன்று தண்ணீர் நிறையக் குடித்திருந்தேன், அவசரப்பட்டது என் தப்பு. 11-ஆம் தேதி காலை முதல் சிறுநீரில் மூன்று சொட்டு விட்டு ஜன்னலோரம் வைத்தேன். அதற்குள் அடுப்பில் பால் பொங்க, ஓடிப்போய் அணைத்துத் துடைத்துவிட்டு வந்து பார்த்தால் இருபது நிமிடம் ஆகிவிட்டது. டி (கர்ப்பம் என்றால் கோடு விழும் இடம்) பக்கத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு நிழல் மாதிரி கோடு. அட்டையில் 5 நிமிடத்துக்குள் பார்க்கச் சொல்லியிருக்கிறது. காய்ந்த பிறகு வரும் வெறும் தடமாகவும் இருக்கலாம் என்று அதை நம்பவில்லை. நேற்றுக் காலை வேறு கிட் வாங்கி, மணி பார்த்தே போட்டேன். சி (கிட் வேலை செய்கிறது என்று காட்டும் கோடு) மட்டும்தான்.

மார்பு கனத்து வலிக்கிறது, அடிவயிற்றில் லேசான இழுப்பு. வாந்தி இல்லை, ரத்தக்கசிவும் இல்லை. மாமியார் அதற்குள் பப்பாளியை எங்கேயோ ஒளித்து வைத்துவிட்டார்!

கருமுட்டை எப்போது வெளியானது என்றே தெரியாததால் நாள் கணக்குப் போட முடியவில்லை. ரத்தத்தில் பீட்டா எச்சிஜி (கர்ப்ப ஹார்மோன்) பார்க்கத் திண்டுக்கல்லுக்குப் பஸ் ஏற வேண்டும்.

என்னை மாதிரி பீரியட்ஸ் ஒழுங்கில்லாதவர்கள், இன்னும் ஒரு வாரம் பொறுத்து வீட்டிலேயே மறுபடி போட்டுப் பார்த்தீர்களா, இல்லை நேராக ரத்தப் பரிசோதனைக்குப் போனீர்களா?