கொலராடோ 1905: ஒரே ஒரு நாள் கவர்னரா, அச்சுப்பிழையா?

கேள்விக்குறி குமார்:
வணக்கம். நண்பர்கள் நடத்தும் வினாடி வினாவுக்குக் கேள்வி சேர்த்துக்கொண்டிருக்கிறேன். அமெரிக்க கவர்னர்கள் பட்டியலைப் புரட்டும்போது கொலராடோவில் கண் நின்றுவிட்டது. 1905-ல் ஆல்வா ஆடம்ஸ், ஜனவரி 10 முதல் மார்ச் 16 வரை. அடுத்து ஜேம்ஸ் பீபாடி, மார்ச் 16 முதல் 17 வரை. அப்புறம் ஜெஸ்ஸி மெக்டொனால்ட். இதே பீபாடி, ஆடம்ஸுக்கு முன்னால் முழுசாக இரண்டு வருஷமும் இருந்திருக்கிறார். அச்சுப்பிழையா? அங்கே கவர்னர் என்றால் ராஜ்பவனுக்கு அனுப்பி வைக்கப்படுபவர் இல்லை, ஜனங்கள் ஓட்டுப் போட்டு வருபவர் என்பது வரை தெரியும். அப்படியானால் 1904 தேர்தலில் ஜெயித்தது யார்?

ஓய்வு வாத்தியார்:
அச்சுப்பிழை இல்லை தம்பி. மூன்று பேரும் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர்கள்தான்.

பேத்தியைப் பார்க்க கொலராடோ போயிருந்தபோது மகன் ஒருநாள் கிரிப்பிள் க்ரீக் கூட்டிப்போனான். பழைய தங்கச் சுரங்க ஊர், கிட்டத்தட்ட 9,500 அடி உயரம். பத்துப் படி ஏறினால் எனக்கு மூச்சு வாங்கியது. பக்கத்திலேயே விக்டர் என்று இன்னொரு ஊர். அங்கே சுரங்கத் தொழிலாளர் சங்கத்தின் பழைய செங்கல் கட்டடம் ஒன்று நிற்கிறது. சுவரில் துப்பாக்கிக் குண்டு பட்டுப் பெயர்ந்த பள்ளங்களை யாரும் பூசி அடைக்கவில்லை. அண்ணாந்து எண்ண ஆரம்பித்தேன், பேத்தி என்னை முந்திவிட்டாள். 1904 தேர்தலை அந்தச் சுவரிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

சுரங்க வேலை எட்டு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்பது சண்டை. 1902-ல் மக்களிடமே ஓட்டுக்கு விட்டார்கள். 72 ஆயிரத்துக்கு மேல் ஆதரவு, 26 ஆயிரம் சொச்சம் எதிர்ப்பு. இதைவிடத் தெளிவாக ஜனங்கள் எப்படிச் சொல்வது? ஆனால் 1903-ல் கூடிய சட்டமன்றம் சட்டம் போடாமலே கலைந்து போனது. கவர்னர் நாற்காலியில் அப்போது பீபாடி, கேன்யன் சிட்டி என்ற ஊரின் பேங்க்காரர், குடியரசுக் கட்சி.

அந்த ஆகஸ்டில் கிரிப்பிள் க்ரீக் ஸ்டிரைக். அங்கே எட்டு மணி நேரம் 1894 போராட்டத்திலேயே கிடைத்துவிட்டது. தாதுவிலிருந்து தங்கம் பிரிக்கும் ஆலைத் தொழிலாளிகளுக்காகத்தான் இவர்கள் வேலையை நிறுத்தினார்கள். பீபாடி மாநிலப் படையை இறக்கினார். படைக்கான செலவுப் பணத்தை முன்கூட்டிக் கொடுத்தவர்கள் சுரங்க முதலாளிகள்! போலீசுக்குச் சம்பளம் கொடுப்பவர் வழக்கில் எதிர்த்தரப்புக்காரர் என்றால் வழக்கு எந்தப் பக்கம் சாயும்? படைத் தலைவர் ஷெர்மன் பெல். ஆட்கொணர்வு மனு என்று பேச்சு வந்தபோது, "அது நாசமாய்ப் போக, பிரேதப் பரிசோதனை வேண்டுமானால் தருகிறோம்" என்று அவர் சொன்னதாகப் பதிவாகியிருக்கிறது.

சங்கம் பதிலுக்கு ஒரு சுவரொட்டி போட்டது. அமெரிக்கக் கொடியின் படம், பட்டைக்கு ஒரு குற்றச்சாட்டு, மேலே தலைப்பாக "கொலராடோ அமெரிக்காவில்தான் இருக்கிறதா?". கொடியை அவமதித்ததாகச் சொல்லிச் சங்கத் தலைவர் சார்லஸ் மோயரைப் பிடித்து இரண்டரை மாதம் உள்ளே வைத்தார்கள். 1904 ஜூன் 6-ம் தேதி ஒரு ரயில் நிலைய மேடை குண்டுவெடிப்பில் ஸ்டிரைக்குக்கு எதிராக வேலைக்கு வந்தவர்கள் 13 பேர் இறந்தார்கள். அன்றுதான் விக்டர் சங்கக் கட்டடத்தில் துப்பாக்கிக் குண்டு பாய்ந்தது. பிறகு சங்கத்து ஆட்களை ரயிலேற்றிக் கான்சஸ், நியூ மெக்சிகோ எல்லையில் கொண்டுபோய் இறக்கிவிட்டார்கள்.

ஐந்தே மாதத்தில், நவம்பர் 8-ம் தேதி, தேர்தல். "பீபாடியைத் தவிர யாரானாலும் சரி" என்பதுதான் எதிரணியின் கோஷம். ஏற்கெனவே இரண்டு முறை கவர்னராக இருந்த ஆல்வா ஆடம்ஸ், ஜனநாயகக் கட்சி, பத்தாயிரத்துக்குச் சற்றுக் குறைவான வித்தியாசத்தில் முன்னால் வந்தார். மீதியை யாராவது எழுதுங்கள், கண் வலிக்கிறது.

சட்டப்புலி:
நான் தொடர்கிறேன். வாத்தியார் ஐயா ஒரு பக்கத்தைச் சொல்லாமல் விட்டுவிட்டார். டென்வரில் ஜனநாயகக் கட்சி போட்ட கள்ள ஓட்டு கொஞ்சநஞ்சம் இல்லை. ஒரே ஆள் சாவடி சாவடியாகப் போய் வேறு வேறு பேரில் குத்துவது அங்கே ஒரு தொழில் மாதிரியே நடந்தது. தேர்தலுக்கு முன்பே மாநில உச்ச நீதிமன்றம் தலையிட்டது. உத்தரவை மீறிய டென்வர் தேர்தல் அதிகாரிகளை நீதிமன்ற அவமதிப்புக்காகச் சிறையில் போட்டது. சில சாவடிகளின் ஓட்டை மொத்தமாகவே தள்ளியது.

ஜனவரியில் ஆடம்ஸ் பதவியேற்றார். சட்டமன்றம் குடியரசுக் கட்சி கையில் இருந்தது. தேர்தல் தகராறு என்று பீபாடி அங்கேயே மனுப் போட்டார். வாரக்கணக்கில் சாட்சி விசாரணை. டென்வர் கள்ள ஓட்டைப் பீபாடி பக்கத்தார் காட்டினால், தெற்கே ஊவர்ஃபானோ மாவட்ட நிலக்கரி முகாம்களில் கம்பெனி சொன்னபடி விழுந்த ஓட்டை ஆடம்ஸ் பக்கத்தார் காட்டினார்கள்.

பீபாடியைத் திரும்ப உட்காரவைக்க அவர் கட்சியிலேயே சிலருக்கு மனசில்லை. ஆடம்ஸ் நீடிப்பதும் பிடிக்கவில்லை. கடைசியில் ஒரு பேரம்: பீபாடி ஜெயித்ததாக அறிவிப்போம், ஆனால் ராஜினாமாக் கடிதத்தை முதலிலேயே எழுதிக் கொடுத்துவிட வேண்டும். மார்ச் 16 வியாழக்கிழமை ஆடம்ஸ் போனார், பீபாடி வந்தார். மறுநாளே பீபாடியும் போனார். துணை கவர்னர் மெக்டொனால்ட், லெட்வில் ஊர் மேயராக இருந்த சுரங்கக்காரர், கவர்னர் ஆனார். கவர்னர் பதவிக்கு அவர் நிற்கவே இல்லை என்பதைக் கவனியுங்கள்.

கேள்விக்குறி குமார்:
அப்படியென்றால் கள்ள ஓட்டைக் கழித்தால் பீபாடிதான் ஜெயித்தவரா?

ஓய்வு வாத்தியார்:
இதற்குத்தான் திரும்ப வந்தேன். டென்வர் விஷயத்தில் சட்டப்புலி சொல்வது சரி, நான் வசதியாக மறந்துவிட்டேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் வருஷக்கணக்கில் எலெக்‌ஷன் டூட்டி பார்த்தவன் நான். பெட்டியைத் திறந்து கொட்டினால் முதலில் தெரிவது எண்ணிக்கை இல்லை, காற்று எந்தப் பக்கம் அடித்தது என்பது.

அதே நாளில் ஜனாதிபதி தேர்தலும் நடந்தது. குடியரசுக் கட்சியின் தியடோர் ரூஸ்வெல்ட் கொலராடோவில் முப்பதாயிரத்துக்கும் மேல் வித்தியாசத்தில் ஜெயித்தார். அதே கட்சி, அதே மாநிலம், அதே நாள். பீபாடி மட்டும் பத்தாயிரத்தை ஒட்டிப் பின்தங்கினார். ரூஸ்வெல்ட்டுக்குப் போட்ட கை எத்தனை ஆயிரம் பீபாடியிடம் வந்ததும் நின்றிருக்க வேண்டும்! டென்வர் ரவுடிகளால் மட்டும் இது நடக்காது. பெண்களும் ஓட்டுப் போட்ட மாநிலம் அது, 1893-லிருந்தே. படைவீரன் வீட்டுக் கதவைத் தட்டியதைப் பார்த்தவர்களும் அவர்களில் இருந்திருப்பார்கள்.

இன்னொன்று. பீபாடிதான் ஜெயித்தார் என்று அந்தச் சட்டமன்றம் மனசார நம்பியிருந்தால் ராஜினாமாக் கடிதத்தை எதற்கு முன்கூட்டி வாங்கினார்கள்?

மலைக்காற்று:
ஒரு வால்செய்தி. மோயர் பிறகு பீபாடி மேல் நஷ்டஈடு வழக்குப் போட்டு, அது அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. 1909-ல் நீதிபதி ஹோம்ஸ் எழுதிய தீர்ப்பு பீபாடி பக்கம். கலகம் நடக்கிறது என்று கவர்னர் நல்லெண்ணத்தோடு முடிவெடுத்தால் ஆளைப் பிடித்து வைக்கலாம் என்றது. ஆல்வாவின் தம்பி பில்லி ஆடம்ஸ் 1927-லிருந்து 1933 வரை அதே கொலராடோவில் கவர்னர், மூன்று முறை ஜெயித்து. அவரை யாரும் இறக்கவில்லை.

கேள்விக்குறி குமார்:
எல்லாருக்கும் நன்றி. கேள்வியை இப்படி எழுதியிருக்கிறேன்: "ஒரே நாளில் மூன்று கவர்னர்களைக் கண்ட அமெரிக்க மாநிலம் எது?" சரிதானே?

ஓய்வு வாத்தியார்:
"ஒரே நாளில்" வேண்டாம் தம்பி. 16, 17 என்று இரண்டு தேதி வருகிறது, எவனாவது ஒரு வக்கீல் எழுந்து மார்க் கேட்பான். "24 மணி நேரத்துக்குள்" என்று போடுங்கள். மெக்டொனால்ட் பெயரை போனஸ் கேள்வியாக வையுங்கள், ஒருத்தரும் சொல்ல மாட்டார்கள்.