எஸ்எஸ்டி மாத்தின பிறகு லப்டொப் பூட் ஆகுதில்லை. உதவி தேவை

கொக்குவில் பெடியன்:
லப்டொப் நாலாம் தலைமுறை ஐ5, ராம் 4 ஜிபி, விண்டோஸ் 10. உள்ளுக்கை இருந்தது 500 ஜிபி ஹாட் டிஸ்க். அதுக்குப் பதிலாய்ப் போட 240 ஜிபி சாட்டா எஸ்எஸ்டியை (வேகமான டிஸ்க்) யூஎஸ்பி கேபிளிலை கொழுவி சி டிரைவை அப்பிடியே குளோன் (நகல்) பண்ணினன். பிழை ஒண்டும் வரேல்லை. மாத்திப் போட்டால் கறுப்புத் திரையிலை பூட் பண்ண டிஸ்க் இல்லை எண்டு வருது. பயோஸிலை (விண்டோஸுக்கு முன்னம் வாற அமைப்புத் திரை) எஸ்எஸ்டியின்ரை பெயர் தெரியுது. பழசைப் போட்டால் ஓடுது. புதுசு பழுதோ?

சுன்னாகம்:
பயோஸ் பெயரைச் சொல்லுதெண்டால் பழுதில்லை தம்பி. பழசிலை ஓட விட்டு, எஸ்எஸ்டியை யூஎஸ்பியிலை கொழுவி, டிஸ்க் மனேஜ்மென்டைத் திறந்து பாருங்கோ. ரெண்டிலையும் என்னென்ன பார்ட்டிஷன் (டிஸ்கைப் பிரிச்ச பகுதி) இருக்கு? பிரிச்ச முறை ஜிபிடியோ, பழைய எம்பிஆரோ?

கொக்குவில் பெடியன்:
ரெண்டும் ஜிபிடி. பழசிலை 100 எம்பி இஎஃப்ஐ, சி, டி, ரிக்கவரி. புதுசிலை சி மட்டும். சியிலை 130 ஜிபி, டியிலை 190 ஜிபி நிரம்பியிருக்கு.

சுன்னாகம்:
அதுதான் பிரச்சினை. யூஈஎஃப்ஐ (பயோஸின்ரை புது வடிவம்) லப்டொப் முதலிலை தேடுறது சியை இல்லை, அந்த 100 எம்பி இஎஃப்ஐயை. பூட் கோப்புகள் அதுக்குள்ளைதான். நீங்கள் வீட்டைத் தூக்கிக் கொண்டு போய், வாசலை விட்டிட்டு வந்திட்டியள்.

நேரான வழி, திருப்பிக் குளோன் பண்ணுறது. இஎஃப்ஐ, சி, ரிக்கவரி மூண்டையும் தெரிவு செய்யுங்கோ, டியை விடுங்கோ. பெட்டியிலை 240 எண்டு இருந்தாலும் விண்டோஸ் 223 எண்டுதான் காட்டும், டி அதுக்குள்ளை கொள்ளாது.

திருப்பிச் செய்யப் பஞ்சியெண்டால், எஸ்எஸ்டியைப் போட்டு விண்டோஸ் இன்ஸ்டோல் பென் டிரைவாலை பூட் பண்ணி ஷிஃப்ட்டும் எஃப்10உம் அமத்துங்கோ, கட்டளைத் திரை வரும். அதிலை டிஸ்க்பார்ட் (diskpart) எண்ட பார்ட்டிஷன் கருவியாலை சியை 300 எம்பி சுருக்கி, அந்த இடத்திலை 100 எம்பி இஎஃப்ஐ பார்ட்டிஷன் உண்டாக்கி, ஃபாட்32ஆய் ஃபோர்மட் பண்ணி, எஸ் எண்டு எழுத்துக் குடுங்கோ. பிறகு பிசிடிபூட் (bcdboot) கட்டளையிலை விண்டோஸ் ஃபோல்டரையும் எஸ்ஸையும் காட்டினால் பூட் கோப்புகளை அதுவே எழுதும். அங்கை விண்டோஸ் இருக்கிற டிரைவ் சி எண்டு வராமல் டி, ஈ எண்டும் வரும். எழுத்தைப் பாத்திட்டு அடியுங்கோ, கன பேர் பிழைக்கிறது இதிலைதான்.

ரெண்டு வழியிலையும் முதல் தரம் பூட் பண்ணேக்கை பழசு கொழுவியிருக்கக் கூடாது. ரெண்டிலையும் ஒரே அடையாள எண் இருந்தால் விண்டோஸ் குழம்பும். பயோஸிலை டிஸ்க் ஓடுற முறையையும் (ஏஎச்சிஐ, ரெயிட் எண்டு இருக்கும்) தொடாதேங்கோ, மாத்தினால் நீலத்திரை.

கோண்டாவில்:
குளோன் ஓடேக்கை கரண்ட் போனால் திருப்பியும் முதலிலை இருந்துதான். பற்றரி முழுசாய் சார்ஜ் ஆன பிறகு தொடங்குங்கோ. பற்றரி செத்துப் போன லப்டொப்பெண்டால் யூபிஎஸ் இல்லாமல் தொடாதேங்கோ. மூடியைத் திறந்த உடனை பற்றரி கனெக்டரை முதலிலை கழட்டோணும்.

பழைய ஹாட் டிஸ்க் 9.5 மிமீ தடிப்பெண்டால் எஸ்எஸ்டி 7 மிமீதான், 2.5 மிமீ சட்டம் தேவை. பழசின்ரை பிராக்கெட்டிலை நாலு ஸ்குரூவாலை இறுக்கினால் அனேகமாய் சட்டமும் வேண்டாம். சும்மா வைச்சு மூடினால் சாட்டா முனை ஆடி, ஒரு நாள் வரும், ஒரு நாள் வராது. மூடி ஸ்குரூக்கள் ரெண்டு மூண்டு நீளத்திலை இருக்கும், எது எங்கையிருந்து வந்தது எண்டு கடதாசியிலை கீறி அதிலையே குத்தி வையுங்கோ.

கொக்குவில் பெடியன்:
மூண்டையும் திருப்பிக் குளோன் பண்ணினன். ஓடுது அண்ணை! பழைய டிஸ்கை டிவிடி இடத்திலை போடலாமோ?

கோண்டாவில்:
போடலாம். கடையிலை கடி (caddy, டிவிடி இடத்திலை டிஸ்கை வைக்கிற சட்டம்) எண்டு கேளுங்கோ, 9.5, 12.7 மிமீ எண்டு ரெண்டு இருக்கு. டிவிடி டிரைவைக் கழட்டி அளந்து கொண்டு போங்கோ.

சுன்னாகம்:
ராமையும் 8 ஆக்குங்கோ, 4 ஜிபியோடை எஸ்எஸ்டி பாதிச் சுகம்தான். விண்டோஸ் 10க்கு வழமையான பாதுகாப்பு அப்டேட் 2025 ஒக்டோபர் 14ஓடை நிண்டிட்டுது. விண்டோஸ் 11 கேக்கிறது எட்டாம் தலைமுறை இன்டெல், உங்கடை நாலு. வங்கி வேலையள் பாக்கிறதெண்டால் விண்டோஸுக்குப் பதிலாய் லினக்ஸ் மின்ட் போடுங்கோ.