மண்கரைக்குள் நீர் துளைப்பதை எப்படிச் சொல்வது?

குழுவினருக்கு வணக்கம். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், டொக்கோவா அருவிக்கு மேலே இருந்த கெல்லி பார்ன்ஸ் என்னும் சிறிய மண் அணையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதி வருகிறேன். 1957 வரை மின் உற்பத்திக்கு உதவி, பின்னர் பொழுதுபோக்கு ஏரியாக மட்டும் எஞ்சிய அந்நீர்த்தேக்கம், 1977 நவம்பர் 6 அதிகாலையில், தொடர்மழைக்குப் பின் உடைந்து, கீழே இருந்த விவிலியக் கல்லூரி வளாகத்தில் 39 உயிர்களைப் பறித்தது. இத்தனைக்கும் கரையின் உயரம் ஏறத்தாழ 40 அடிதான்.

தனியொரு காரணத்தை விசாரணைக் குழுவால் உறுதிசெய்ய இயலவில்லை. செங்குத்தான வெளிச்சரிவு நீரில் ஊறிச் சரிந்ததும், கரைக்குள் கசிந்த நீர் மண்ணைச் சிறிது சிறிதாக அரித்துக் குழாய்போல் வழி உண்டாக்கியதும் சேர்ந்திருக்கலாம் என்றே அது கருதியது. (1973இலேயே அச்சரிவில் ஒரு பகுதி சரிந்திருந்ததை ஒரு நிழற்படம் காட்டுகிறது என்பதுதான் என்னை உறுத்துகிறது.)

கலுங்கு, மதகு போன்ற சொற்கள் நம்மிடம் உள்ளன. ஆனால் இந்த உள்ளரிப்பைக் குறிக்க ஏரிப் பாசன விவசாயிகளிடமோ பொதுப்பணித் துறையில் பணியாற்றியவர்களிடமோ வழங்கும் சொல் எனக்குத் தெரியவில்லை. அறிந்தவர்கள், எந்த வட்டாரத்தில் கேட்டது என்ற குறிப்புடன் தெரிவித்தால் பேருதவியாக இருக்கும். கரையில் வளரும் மரங்களை வேருடன் அகற்றுவது நல்லதா, வெட்டிவிட்டு வேரை விட்டுவைப்பது நல்லதா என்பதையும் அனுபவமுள்ளவர்கள் விளக்க வேண்டுகிறேன்.