மறு: ‘கார்பன் சிங்க் ஃபாரஸ்ட்’ – தமிழில் என்ன சொல்லலாம்?

வணக்கம்.

காற்றிலுள்ள கரிமத்தை உறிஞ்சி வைக்க நடும் மரக்கூட்டத்துக்கு ஆஸ்திரேலிய வரிச் சட்டம் வைத்திருக்கும் பெயர் ‘கார்பன் சிங்க் ஃபாரஸ்ட்’. நடும் செலவுக்கு வரிச் சலுகை உண்டு. அதற்குத் தமிழ்ப் பெயர் தேடும் இந்த இழையில் இதுவரை வந்தவை கரிமத் தொட்டிக் காடு, கரிம மடுக் காடு, கரிமத் தேக்கக் காடு. எல்லாரும் ‘சிங்க்’கோடுதான் மல்லுக்கட்டுகிறோம். எனக்கு உறுத்துவது ‘காடு’.

முதலில் இந்த மூன்றும். தொட்டி என்றதும் பாத்திரம் துலக்கும் இடம் நினைவுக்கு வருகிறது. மடு ஆற்றின் ஆழமான பள்ளம், நல்ல சொல்தான். ஆனால் மாடு வைத்திருக்கும் வீட்டில் மடு என்றால் பால்மடி. தேக்கக் காட்டை வேகமாகப் படித்தால் தேக்குமரக் காடு. தேக்கை வளர்ப்பதே வெட்டி விற்க. இந்த வரிச் சலுகையோ, வெட்டும் எண்ணத்தோடு நட்டவருக்குக் கிடையாது. பொருளே தலைகீழாகிவிடும். அறிவியல் கட்டுரைக்குக் ‘கரிம உறிஞ்சி’ போதும் என்பது என் கருத்து.

சரி, காட்டுக்கு வருகிறேன். நான் கொங்குப் பக்கம். “அம்மா காட்டுக்குப் போயிருக்குது” என்றால் சோளத்துக்குக் களை வெட்டப் போயிருக்கிறாள் என்று அர்த்தம். எங்களுக்குக் காடு என்பது மானாவாரி நிலம். நாம் பெயர் தேடும் ஆஸ்திரேலியச் சட்டம் கைவைப்பதும் அப்படிப்பட்ட நிலத்தில்தான்.

அங்கே 2008இல் வருமான வரிச் சட்டத்தில் 40-ஜே என்ற உட்பிரிவைச் சேர்த்தார்கள். மரம் நட்ட இடம் தொடர்ச்சியாக 0.2 ஹெக்டேராவது, அதாவது ஏறக்குறைய அரை ஏக்கர், இருக்க வேண்டும். மரங்கள் 2 மீட்டருக்குக் குறையாமல் வளர்ந்து, நிலத்தில் 20 சதவீதமாவது கவியக்கூடியவையாக இருக்க வேண்டும். 1990 ஜனவரி 1 அன்று அங்கே இப்படிப்பட்ட மரக்கூட்டம் இருந்திருக்கக் கூடாது. இந்தக் கடைசி நிபந்தனையைக் கவனியுங்கள். ஏற்கெனவே மரம் அடர்ந்த நிலம் தகுதி பெறாது. அப்படியானால் மிஞ்சுவது பெரும்பாலும் ஆடு மேய்ந்த நிலமும் கோதுமை விளைந்த நிலமும்தான்.

தொடக்க ஆண்டுகளில் செலவு முழுவதையும் அதே ஆண்டு வருமானத்தில் கழித்துக்கொள்ளலாம் என்றிருந்தது. 2012-13இலிருந்து செலவில் ஆண்டுக்கு 7 சதவீதமாகத்தான், 14 ஆண்டு 105 நாளுக்குக் கழிக்க முடியும். நிலத்தின் விலையைக் கழிக்க முடியாது. ஆனாலும் விளைநிலம் கைமாறிவிடும் என்று விவசாயிகள் பயந்ததில் நியாயம் உண்டு. பெரிய லாபம் காட்டும் ஒரு நிறுவனம் பக்கத்து நிலத்தை வாங்க வந்தால், கோதுமை விலையை நம்பி இருப்பவர் ஏலத்தில் எவ்வளவு தூரம் போவார்? நட்டு முடித்த பிறகு அந்த நிலத்தில் அறுவடை இல்லை, ஆட்டு மயிர் கத்தரிக்க ஆள் வரப்போவதில்லை. வேர் ஆழமாக இறங்கினால் ஓடைக்கு வரும் தண்ணீரும் குறையும். 2008இல் பசுமைக் கட்சியின் கிறிஸ்டின் மில்னும் நேஷனல் கட்சியின் பார்னபி ஜாய்சும் செனட்டில் இந்தச் சலுகையை எதிர்த்தார்கள். மற்ற விஷயங்களில் எதிரும் புதிருமாக நிற்பவர்கள். மறுபக்கமும் சொல்ல வேண்டும்: மேற்கு ஆஸ்திரேலியாவின் கோதுமைப் பகுதியில் உப்பு மேலேறிய வயல்களில் ‘மாலீ’ (mallee) எனப்படும் குட்டை யூகலிப்டஸை வரிசை வரிசையாக நட்டு, உப்பை மேலே கொண்டுவரும் நிலத்தடி நீரைக் கீழே இறக்கப் பார்த்தவர்களும் விவசாயிகளே.

ஆகவே வரிச் சட்டத்தின் சொல்லுக்கு என் முன்மொழிவு: கரிம நடவுக்காடு. நடவு என்றால் மனிதர் கைப்பட்டது என்று தெரிந்துவிடும். தானாக முளைத்த வனம் என்று யாரும் மயங்க மாட்டார்கள். விளைநிலமாக இருந்தது என்பதும் ‘காட்டில்’ ஒட்டிக்கொண்டிருக்கும். தோப்பு என்று சொல்லலாமே என்று கேட்டிருந்தீர்கள். தோப்பு காய்க்க வேண்டும், காய் சந்தைக்குப் போக வேண்டும். வணிகத் தோட்டப் பயிருக்கு இந்தச் சலுகை கிடையாது.

இன்னொரு வசதியும் இருக்கிறது. கன்று, உழவு, உரம், களைக்கொல்லி, நடும் கூலி என்று சட்டம் ஏற்கும் செலவுக்கு ‘நிறுவல் செலவு’ என்று இழையில் எழுதியிருந்தார்கள். நடவுச் செலவு என்றால் எந்த விவசாயிக்கும் விளங்கும்.

அப்புறம், இந்தச் சலுகையைப் பற்றி எழுதும்போது தலைப்பில் வரி விலக்கு என்று போடாதீர்கள். விலக்கு என்றால் வரியே கிடையாது என்று படிப்பார்கள். ‘வரிக்கழிவு’ம் வேண்டாம், கரிமத்துக்குப் பக்கத்தில் கழிவு வந்தால் குப்பை என்று ஆகிவிடும். ‘வருமானக் கழிப்பு’ என்று எழுதிப் பார்க்கிறேன்.

ஈழத்து நண்பர்களிடம் ஒன்று கேட்க வேண்டும். கரிமத்தை நீங்கள் காபன் என்றுதான் படித்திருப்பீர்கள். மெல்பர்னிலும் சிட்னியிலும் இதைப் படிக்கப்போகிறவர்களில் உங்கள் ஆட்கள் நிறைய. ‘காபன் நடவுக்காடு’ என்று போடலாமா? அங்கே காடு என்றால் என்ன தோன்றும் என்பதையும் எழுதுங்கள்.