கல்லணையிலிருந்து பூம்புகாருக்கு: தனியாகச் சைக்கிளில் போகிறவர்களுக்கு

திருச்சியில் கிளம்பி கல்லணை, திருக்காட்டுப்பள்ளி, திருவையாறு, கபிஸ்தலம், சுவாமிமலை, கும்பகோணம், ஆடுதுறை, குத்தாலம், மயிலாடுதுறை, பூம்புகார். சுமார் 150 கிலோமீட்டர். மேடு என்று சொல்ல ஒன்றுமே கிடையாது, அதனால்தான் பலரும் இதை ஒரே நாளில் முடிக்கப் பார்க்கிறார்கள். பை கட்டிய சைக்கிளில் மணிக்கு 15, 16 கிலோமீட்டர்தான் நிலையாகப் போகும். அப்படியென்றால் பத்து மணி நேரம் சீட்டில் உட்கார வேண்டும், நடுப்பகல் வெயில் முழுவதையும் தலையில் வாங்க வேண்டும். கும்பகோணத்தில் இரவு தங்கி இரண்டு நாளாகப் போங்கள்.

தூரத்தைவிடக் காற்றைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஆனி, ஆடியில் மேற்குக் காற்று முதுகில் கை வைத்துத் தள்ளும். அதே மாதத்தில் பூம்புகாரிலிருந்து திருச்சிக்கு வர நினைத்தால், சமதரையிலேயே மலை ஏறுகிற மாதிரி இருக்கும். ஐப்பசி முதல் மார்கழி வரை வாடைக் காற்று எதிரே வரும், மழையும் உண்டு. தை பாதியிலிருந்து மாசி முடிய நல்ல காலம். எந்த மாதமானாலும் மயிலாடுதுறை தாண்டிய பிறகு மதியத்துக்கு மேல் கடல் காற்று முகத்தில் அடிக்கும். எனவே கடைசி 24 கிலோமீட்டரைப் பதினோரு மணிக்குள் முடிக்கிற கணக்கில், இரண்டாம் நாள் விடியும்போதே கும்பகோணத்தை விட்டுவிடுங்கள்.

கல்லணையில் கொள்ளிடம், காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று தண்ணீர் நான்காகப் பிரிகிறது. கரைக்குக் கரை பாதை இருப்பதால் தவறாமல் இங்கே ஒருவர் வழி மாறுவார். கல்லணைக் கால்வாயை ஊர்க்காரர்கள் புது ஆறு என்பார்கள். அந்தக் கரையைப் பிடித்தால் தஞ்சாவூரில் கொண்டுபோய் விடும். "கும்பகோணம் எப்படிப் போகணும்" என்று கேட்டாலும் பஸ் போகிற தஞ்சாவூர் வழியைத்தான் காட்டுவார்கள். "திருக்காட்டுப்பள்ளி ரோடு எது" என்று ஊர்ப் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.

தங்க இடம் பார்க்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். தை மாதம் தியாகராஜர் ஆராதனை நாட்களில் திருவையாற்றில் அறை கிடைக்காது, அந்தக் கூட்டம் கும்பகோணம் வரை எதிரொலிக்கும்.

* * *

தை, மாசி நல்ல காலம் என்று சொன்னது சரி. ஆனால் அதேதான் சம்பா அறுவடைக் காலமும். நெல் ரோட்டில் காயும்.

பாதி ரோட்டுக்கு நெல்லைப் பரப்பி, ஓரத்தில் கல் வைத்திருப்பார்கள். நேரடி நெல் கொள்முதல் நிலையம் இருக்கிற ஊர்களில் குவியல் குவியலாகத் தார்ப்பாய் போட்டு மூடியிருக்கும். பகலில் ஒதுங்கிப் போய்விடலாம். விடியுமுன் இருட்டில் கறுப்புத் தார்ப்பாயும் அதைச் சுற்றி வைத்த கல்லும் கண்ணுக்குத் தெரியாது. முன்விளக்கு இல்லாமல் ஐந்து மணிக்குக் கிளம்பாதீர்கள். விளக்கை ஹாண்டிலில் கட்டும்போது வெளிச்சம் சக்கரத்துக்கு ஏழெட்டு மீட்டர் முன்னால் விழுகிற மாதிரி சாய்த்துக் கட்டுங்கள், நேராக நீட்டிக் கட்டினால் கல் தெரியாது.

நெல்மணி மேல் ஏறினால் டயர் உருளும். பிரேக் பிடித்தால் விழுந்துவிடுவீர்கள். பெடல் நிறுத்தி, ஹாண்டிலைத் திருப்பாமல் நேராகத் தாண்டி வெளியே வாருங்கள். முடிந்தவரை ஏறவே வேண்டாம், அது ஒரு வீட்டின் ஆறு மாத உழைப்பு. ஒதுங்க இடமில்லையென்றால் இறங்கித் தள்ளிக்கொண்டு போகலாம்.

வைக்கோல்தான் இன்னும் தொல்லை. ஒரு தாள் செயினோடு போய் ஃப்ரீவீலுக்கும் (பின்சக்கரத்தில் செயின் ஓடுகிற பல்சக்கரம்) ஸ்போக்ஸுக்கும் நடுவில் சுற்றிக்கொள்ளும். கியர் சைக்கிளில் டிரெய்லரின் (பின்சக்கரத்தருகே தொங்கி, செயினைக் கியர் மாற்றுகிற பாகம்) சின்னச் சக்கரங்களில் சுற்றி, முதலில் 'கறகற' என்று சத்தம் வரும். சத்தம் கேட்டதும் நிறுத்துங்கள். அப்படியே மிதித்தால் டிரெய்லர் இழுபட்டு ஸ்போக்ஸுக்குள் போய்விடும். அதற்குப் பிறகு அந்த ஊரில் யாராலும் சரிசெய்ய முடியாது. பங்குனி, சித்திரையில் வந்தால் நெல்லுக்குப் பதில் உளுந்துச் செடியும் பயற்றஞ்செடியும் வண்டி ஏறி உதிரட்டும் என்று ரோட்டில் போட்டிருக்கும். அது வைக்கோலைவிட மோசமாகப் பின்னிக்கொள்ளும்.

* * *

கடையில் நின்று பஞ்சர் ஒட்டுகிறவன் பார்வையில் சொல்கிறேன். வருகிற தனி ஆள் சைக்கிளில் பாதிக்கு மேல் ஒரே தவறுதான்: டியூபை மாற்றிவிட்டு, குத்திய முள்ளை டயரிலேயே விட்டிருப்பார்கள். அரை மணி நேரத்தில் புது டியூபும் போய்விடும்.

டயரை மாட்டும்போதே அதன் பெயர் எழுதிய இடம் வால்வுக்கு நேராக வருகிற மாதிரி மாட்டுங்கள். பஞ்சர் ஆனால் டியூபைக் கழற்றி, காற்றடித்து, ஓட்டையைக் கண்டுபிடித்து, வால்விலிருந்து எத்தனை சாண் தள்ளி இருக்கிறது என்று அளந்து பாருங்கள். டயரிலும் அதே தூரத்தில் முள் இருக்கும். டியூபை எந்தப் பக்கம் திருப்பினோம் என்று மறந்திருந்தால் வால்வின் இரண்டு பக்கமும் தேடுங்கள். உள்ளே விரலால் தடவாதீர்கள்; ஒரு பஞ்சையோ பழைய பனியன் துணியையோ வைத்து இழுங்கள். முள் இருக்கிற இடத்தில் நூல் மாட்டும். சீமைக் கருவேல முள் வெளியே ஒடிந்து நுனி மட்டும் ரப்பருக்குள் நிற்கும். வெளியிலிருந்து பிடுங்க வராது, உள்பக்கமிருந்து மூக்குக் குறடால் எடுக்க வேண்டும். ரோட்டை விட்டு இறங்கி மண் ஓரத்தில் சைக்கிளைச் சாய்த்தால் நெருஞ்சி முள் ஏறும். அது ஒரே இடத்தில் இரண்டு மூன்று பொடி ஓட்டை போடும், எனவே ஒன்றை ஒட்டியதும் மூடிவிடாமல் மறுபடி தண்ணீரில் அமுக்கிப் பாருங்கள்.

ஓட்டையே காரணத்தைச் சொல்லும். பக்கத்தில் பக்கத்தில் பாம்பு கடித்த மாதிரி இரண்டு கீறல் என்றால் காற்றுக் குறைவு. பள்ளத்தில் இறங்கும்போது ரிம் டியூபை நசுக்கியிருக்கிறது. ரிம் பக்கம் ஓட்டை என்றால் ரிம்முக்குள் சுற்றியிருக்கிற ரிம் டேப் விலகி, ஸ்போக்ஸை ரிம்மில் இறுக்குகிற நிப்பிள் குத்துகிறது. வால்வு அடியில் கிழிந்தால் பம்பைச் சாய்த்துப் பிடித்து அடித்திருக்கிறீர்கள். அதை ஒட்ட முடியாது, டியூபை மாற்றத்தான் வேண்டும்.

ஒட்டும்போது உப்புத்தாளால் பளபளப்புப் போகத் தேய்த்து, சொல்யூஷனை மெல்லியதாகத் தடவி, நாலைந்து நிமிடம் காயவிடுங்கள். கையில் ஒட்டாத பதம் வந்த பிறகே பேட்ச் வைக்க வேண்டும். ஈரத்தோடு வைத்தால் வெயிலில் சூடேறிப் பேட்ச் நகர்ந்துவிடும். ஒருமுறை திறந்த சொல்யூஷன் டியூப் சில வாரங்களில் உள்ளேயே காய்ந்துவிடும். திறக்காத ஒன்று பையில் இருக்கட்டும்.

கிளம்புமுன் வால்வைப் பாருங்கள். ஊர்க் கடைகளில் 28×1½ டியூபும், அதன் வால்வுக்குள் மாட்டுகிற ரப்பர்க் குழாயான வால்டியூபும் தாராளமாகக் கிடைக்கும். உங்கள் சைக்கிளில் ஒல்லியான பிரெஸ்டா வால்வு என்றால் ரிம் துளை சுமார் 6.5 மி.மீ.தான் இருக்கும், கடை டியூபின் வால்வு அதற்குள் நுழையாது. அப்படிப்பட்டவர்கள் சொந்தமாக இரண்டு டியூப் கொண்டுவர வேண்டும். பைக் வால்வு மாதிரி தடித்த ஷ்ரேடர் என்றால் பிழைத்தீர்கள்: காற்று எந்த டூவீலர் கடையிலும் அடிக்கலாம், 700×38 டயருக்குள் 28 இன்ச் டியூப் அவசரத்துக்கு உட்காரும். 38 மி.மீ. அகல டயருக்குப் பையோடு பின்னால் 60 பி.எஸ்.ஐ. காற்றழுத்தம், முன்னால் 50 போதும்.

ஸ்போக்ஸ் உடைந்தால் பெரும்பாலும் பின்சக்கரத்தில், ஃப்ரீவீல் பக்கம்தான். உடைந்த கம்பியைப் பக்கத்துக் கம்பியில் சுற்றிவிட்டு, அதன் இரு பக்கத்திலும் உள்ள கம்பிகளை அரைச்சுற்றுத் தளர்த்துங்கள். கோட்டம் குறையும், பிரேக் கட்டை உரசாது. கும்பகோணம் வரை மெதுவாக ஓட்டி வந்துவிடலாம்.

* * *

பஸ் ஹாரன் அடித்து நெருங்கினால் தாரை விட்டு இறங்குவோம். ஏறும்போதுதான் விழுகிறார்கள். தார் விளிம்பு மண்ணைவிட இரண்டு மூன்று அங்குலம் உயரம். விளிம்பை ஒட்டியபடியே சரிந்து ஏறப் பார்த்தால் முன்டயர் விளிம்பிலேயே வழுக்கும், உடம்பு ரோட்டுப் பக்கம் சாயும், பின்னால் வண்டி வரும். வேகத்தைக் குறைத்து, கொஞ்சம் விலகி, ஹாண்டிலைத் திருப்பிக் குறுக்காக ஏறுங்கள். முடியாவிட்டால் நின்று தூக்கி வையுங்கள். வலது பக்கம் ஒரு கண்ணாடி இருந்தால் இறங்கவே தேவைப்படாத நேரம் நிறைய.

நாய் துரத்தினால் வேகம் கூட்டாதீர்கள். இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்து நடந்தால் பெரும்பாலும் நின்றுவிடும். கடித்துவிட்டால் ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவி, அன்றைக்கே அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். பூம்புகார் முடித்துவிட்டுப் பார்க்கலாம் என்று தள்ளக் கூடாது.

* * *

தனியாகப் போகிற பெண்களுக்கு: கழிப்பறைக்குப் பெட்ரோல் பங்க்தான் நம்பிக்கையான இடம். அடுத்த பங்க் எங்கே என்று முந்தைய பங்கிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். அதற்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் ஓட்டுவதுதான் தலைசுற்றலில் முடிகிறது. மணிக்கு அரை லிட்டர் குறையக் கூடாது. ஒரு லிட்டருக்கு ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, இரண்டும் தலை தட்டி அளந்து போடுங்கள். உப்புக் கூடினால் ஆபத்து. தனி ஆளுக்கு அறை இல்லை என்று சொல்கிற லாட்ஜ்கள் இன்னும் இருக்கின்றன. போனில் பேசும்போதே "ஒரு ஆள், சைக்கிள் உள்ளே வைக்கணும், கீழ்த்தளம் வேணும்" என்று மூன்றையும் சொல்லிவிடுங்கள்.

* * *

திரும்பி வர மயிலாடுதுறை ஜங்ஷன்தான் வசதி. எந்த ரயிலில் லக்கேஜ் வேன் இருக்கிறது என்று முதலில் பார்சல் ஆபீஸில் கேட்டு, அதற்கு டிக்கெட் எடுங்கள். குறைந்தது ஒன்றரை மணி நேரம் முன்னால் போய்விடுங்கள். டிக்கெட்டைக் காட்டி லக்கேஜாகப் புக் செய்தால் சைக்கிள் அதே ரயிலில் வரும். சும்மா பார்சல் என்று போட்டால் அடுத்த நாளும் வரலாம். அட்டையில் பெயர், போன் நம்பர், ஏறும் ஸ்டேஷன், இறங்கும் ஸ்டேஷன் எழுதி ஃப்ரேமில் இரண்டு இடத்தில் கட்டுங்கள். பம்ப், பாட்டில், விளக்கு, கண்ணாடி எல்லாவற்றையும் கழற்றிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். வேனில் மூட்டைகளுக்கு நடுவே பெடல்தான் முதலில் மாட்டி வளையும். 15 நம்பர் ஸ்பேனர் இருந்தால் இரண்டையும் கழற்றிவிடலாம்: வலது பெடல் வழக்கம்போலக் கழலும், இடது பெடலுக்கு மரை எதிர்ப்பக்கம். திருச்சியில் இறக்கியதும் ஹாண்டில் முன்சக்கரத்துக்கு நேராக இருக்கிறதா என்று பார்த்து, இறுக்கிய பிறகு ஏறுங்கள்.