டெல்டாவில் கறுப்பு கொலம்பைன் பூக்குமா?

கேள்வி (கும்பகோணம்)
‘பிளாக் பார்லோ’ கொலம்பைன் (குளிர்நாட்டுப் பூச்செடி) விதை ஒரு பாக்கெட் கையில் இருக்கு. அடுக்குப் பூ, நாவல்பழக் கறுப்பு. மொட்டை மாடி, நாள் முழுக்க வெயில். நம்ம ஊரில் வருமா? வராதுன்னா அந்த நிறத்தில் வேற என்ன வைக்கலாம்?

மாடித்தோட்டம்_தஞ்சை
முளைக்க வெச்சிடலாம், பூக்க வைக்க முடியாது. ஈர மணலில் விதையைக் கலந்து, டப்பாவில் மூடி 3-4 வாரம் ஃப்ரிட்ஜில் வைக்கணும் (ஃப்ரீசரில் இல்லை). அப்புறம் மண்மேல் தூவி லேசா அழுத்தினா போதும். வெளிச்சம் பட்டாத்தான் முளைக்கும், மண் போட்டு மூடிடாதீங்க. முளைக்க 15-20 டிகிரி வேணும். இங்கே மார்கழி ராத்திரியே 20-ஐ ஒட்டித்தான் இருக்கு.

கேட்டவர்
அப்போ வளர்ந்த செடியையும் ஃப்ரிட்ஜில் வெச்சா?

மாடித்தோட்டம்_தஞ்சை
அது விதைக்கான குளிர். பூவுக்கான குளிர் வேற. ஓரளவு பெரிசான செடி, வேரோட பத்துப் பன்னிரண்டு வாரம் 5 டிகிரி பக்கத்தில் கிடந்தாத்தான் அடுத்த வசந்தத்தில் மொட்டு விடும். சரி, ஃப்ரிட்ஜில் இடம் இருக்குன்னே வைங்க. வெளியே எடுத்தா பங்குனி வெயில்! களிமண்ணில் தண்ணி நின்னா ஆணிவேர் அழுகும், வேரைக் கிளறி இடம் மாத்தினாலும் தாங்காது. ஊட்டி, கொடைக்கானலில் சொந்தம் இருந்தா பாக்கெட்டை அங்கே கொடுத்துடுங்க.

கொல்லைப்புறம்_திருவாரூர்
அந்த நிறம்தான் வேணும்னா கரு ஊமத்தை வைங்க. தண்டே கறுப்பு ஊதா. பூவுக்கு வெளியே நாவல் நிறம், உள்ளே வெளுப்பு, ரெண்டு மூணு அடுக்கு. 12 அங்குலத் தொட்டிக்கு செம்மண் 2 பங்கு, ஆற்று மணல் 1, மண்புழு உரம் 1. அடி ஓட்டையில் ஓட்டாஞ்சில்லு வெச்சு மூடுங்க. ஐப்பசி மழைக்குத் தொட்டியைச் செங்கல் மேல் தூக்கி வைக்கணும். ஆனா வேரிலிருந்து விதை வரை முழுக்க விஷம். வீட்டில் சின்னப் பிள்ளைங்க இருந்தா வேண்டவே வேண்டாம். கிள்ளின கையோட கண்ணைத் தொட்டா கண்மணி விரிஞ்சு பார்வை மங்கும், கையுறை போடுங்க. முள்ளுக்காய் வெடிக்கிறதுக்கு முன்னாடியே வெட்டிடுங்க, இல்லைன்னா பக்கத்துத் தொட்டியெல்லாம் அதுதான் முளைக்கும்.

மாடித்தோட்டம்_தஞ்சை
குழந்தைங்க இருக்கிற வீட்டுக்கு அடுக்கு நீலச் சங்குப்பூ போதும். கறுப்பு இல்லைதான், ஆனா நல்ல அடர் நீலம். விதைத்தோல் கெட்டி, உப்புத்தாளில் ஒரு பக்கம் தேய்ச்சு ராத்திரி ஊறப்போட்டு, அரை அங்குல ஆழத்தில் ஊன்றுங்க. ஒண்ணு ரெண்டு வாரத்தில் முளைக்கும். தை கடைசியில் போட்டா சித்திரைக்குள் பூ. பூக்கலைன்னு யூரியா போடாதீங்க. அவரைக் குடும்பம், தழைச்சத்தைத் தானே தேடிக்கும். மேலே கொட்டினா கொடி பச்சையா ஓடுமே தவிர மொட்டு வராது. காய் முத்த விட்டாலும் பூ குறையும், பிஞ்சிலேயே கிள்ளணும். வெயிலில் இலை புள்ளிபுள்ளியா வெளுத்தா அடியில் சிவப்புச் சிலந்தி இருக்கான்னு பாருங்க. லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல், சாயங்காலமா இலைக்கு அடியில் அடிக்கணும். மத்தியானம் அடிச்சா இலை கருகிடும்.